முடிவு முன்பே பேசிவைத்த சண்டையில் இவ்வளவு வெறி எங்கிருந்து வருகிறது? (மிசாவா – கவாடா, 1994)

நிழல்குடை:

நண்பர்களே, ஜப்பான் தொழில்முறை மல்யுத்தத்துக்கு நான் புதியவன். அண்மையில் ஒரு பழைய போட்டியைப் பார்த்தேன். 1994 ஜூன் 3, டோக்கியோவின் நிப்பான் புடோகான் அரங்கம். பச்சைக் கால்சட்டையில் மிட்சுஹாரு மிசாவா, மஞ்சளும் கறுப்புமாக தொஷியாக்கி கவாடா. முப்பத்தாறு நிமிடங்களுக்குச் சற்றுக் குறைவு. இவ்வளவு நீளமா என்று சலித்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். முடிந்தபோது என் தாடை வலிப்பதுபோல இருந்தது.

எனக்குத் தெரிந்த மல்யுத்தம் வேறு. ஒருவன் நல்லவன், ஒருவன் கெட்டவன், நடுவர் பார்க்காதபோது நாற்காலியால் ஓர் அடி. இங்கே நாற்காலி இல்லை, வசைமொழி இல்லை, மைக்கைப் பிடித்துக்கொண்டு சவால் விடுவதும் இல்லை. இரண்டு பேரும் வாயைத் திறக்காமல் ஒருவர் முகத்தை ஒருவர் பெயர்த்துக்கொண்டிருந்தார்கள்.

கேட்க வேண்டியது இதுதான். யார் வெல்வது என்பதை முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறார்கள் என்றால், இப்படி நிஜமாக அடித்துக்கொள்ள என்ன அவசியம்? இருவருக்கும் உண்மையிலேயே ஆகாதா? கவாடா தோற்ற இந்தப் போட்டியை எல்லோரும் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்களே, அவர் வென்ற போட்டிகளை ஏன் இந்த அளவுக்குப் பேசுவதில்லை?

கயிறுதாண்டி:

முதல் கேள்விக்குச் சுருக்கமான பதில்: அடிக்காமல் அடித்ததுபோல் காட்டினால் புடோகானில் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர் கண்டுபிடித்துவிடுவார். மற்றதற்குப் பழையநாடா வருவார். இந்தப் போட்டியைப் பற்றி யாராவது ஒரு வரி எழுதினால் அவர் நூறு வரி எழுதாமல் விடமாட்டார்.

பழையநாடா:

கயிறுதாண்டி சொல்லிவிட்டார், வந்துவிட்டேன்.

தம்பி, மூன்றாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அதற்குள்தான் மற்ற இரண்டும் இருக்கின்றன.

மிசாவாவும் கவாடாவும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். அஷிகாகாவில் இருந்த அந்த உயர்நிலைப் பள்ளியின் மல்யுத்தக் குழுவில் மிசாவா ஓர் ஆண்டு மூத்தவர். ஜப்பானில் இந்த ஓர் ஆண்டு என்பது சாதாரண விஷயம் அல்ல. மூத்தவர் மூத்தவர்தான், கடைசிவரை. 1981-ல் மிசாவா, ஜயண்ட் பாபா நடத்திவந்த ஆல் ஜப்பான் நிறுவனத்தில் சேர்ந்தார். அடுத்த ஆண்டு கவாடாவும் அங்கேயே போய்ச் சேர்ந்தார். பள்ளியில் யாருக்குப் பின்னால் நின்றாரோ, தொழிலிலும் அவருக்குப் பின்னாலேயே நிற்க வேண்டியதாயிற்று.

1984-ல் மிசாவாவுக்கு டைகர் மாஸ்க் முகமூடியைக் கொடுத்தார்கள். ஏற்கெனவே வேறொருவர் அணிந்து நாடு முழுக்கப் புகழ்பெற்ற முகமூடி அது. ஆறு ஆண்டுகள் அதற்குள் இருந்தார். 1990 மே 14 அன்று டோக்கியோவில் நடந்த ஒரு ஜோடிப் போட்டியின் நடுவே, போதும் என்று அதைக் கழற்றி எறிந்தார். பின்பக்கத்து முடிச்சை அவிழ்த்துவிட்டவர் யார் தெரியுமா? அன்று அவருக்கு ஜோடியாக நின்ற கவாடா. மிசாவா என்ற நட்சத்திரத்தைத் தன் கையாலேயே திறந்துவிட்டு, அதன் பிறகு அந்த நட்சத்திரத்தின் நிழலில் நின்றவர் அவர்.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஜூன் 8, புடோகானில் மிசாவா, நிறுவனத்தின் முதல் நட்சத்திரமாக இருந்த ஜம்போ ட்சுருட்டாவையே தோற்கடித்தார். 1992 ஆகஸ்டில் ஸ்டான் ஹான்சனிடமிருந்து ஆல் ஜப்பானின் தலையாய பட்டமான மும்முடிப் பட்டத்தை வாங்கினார். மூன்று பழைய பட்டங்களை 1989-ல் ஒன்றாக்கியதால் அந்தப் பெயர். வெற்றியாளர் மூன்று பெல்ட்டுகளையும் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். அதே ஆண்டு அக்டோபரில் கவாடா அந்தப் பட்டத்துக்காக மிசாவாவுடன் மோதினார், தோற்றார். டிசம்பரில் இருவரும் ஜோடி சேர்ந்து ஆண்டிறுதி ஜோடித் தொடரையே வென்றார்கள். அடுத்த ஆண்டு பிரிந்தார்கள். கவாடா போய்ச் சேர்ந்த இடம் அகிரா தாவே. அதற்கு முன்பு கவாடா கடித்துக் குதறாத குறையாகச் சண்டை போட்ட ஆள் அந்தத் தாவே! 1993 ஜூலையில் மீண்டும் மிசாவாவிடம் தோல்வி. 1994 ஏப்ரலில் ஸ்டீவ் வில்லியம்ஸை வீழ்த்தி, ஆண்டுதோறும் நடக்கும் தனிப்போட்டித் தொடரான சாம்பியன் கார்னிவலைக் கவாடா கைப்பற்றினார். இப்போது சொல்லுங்கள், ஜூன் 3 அன்று ரிங்குக்குள் நுழைந்தபோது அவர் மனம் எப்படி இருந்திருக்கும்? ‘இந்த முறை இல்லையென்றால் எப்போது’ என்றுதான்.

நீங்கள் தேடிய வெறி அங்கிருந்துதான் வருகிறது. முடிவைப் பாபா தீர்மானித்தார் என்பது உண்மை. அந்த வரிசையில் இரண்டாமவனாக நின்ற ஆண்டுகளை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை, அவை நடந்தவை.

இன்னொரு காரணமும் உண்டு. 1990 வாக்கில் பாபா தன் மேடையில் ஒரு மாற்றம் கொண்டுவந்தார். ரிங்குக்கு வெளியே போனவர் எண்ணி முடிப்பதற்குள் திரும்பவில்லை என்று போட்டியை முடிப்பது, தகுதிநீக்கம் என்ற பழைய நழுவல்களையெல்லாம் ஏறக்குறைய ஒழித்துவிட்டார். தோள் தரையில் பட மூன்று எண்ணிக்கை, அல்லது வலி தாங்காமல் விட்டுக்கொடுப்பது. இவற்றில் ஒன்றில்தான் பெரிய போட்டி முடியும். சாக்குப்போக்குச் சொல்ல வழியே இல்லாமல் போனால் தோல்விக்கு எடை கூடிவிடும். ‘நடுவர் பார்க்கவில்லை’ என்று கவாடா சொல்லிக்கொள்ள முடியாது. தோற்றால் தோற்றதுதான்.

இப்போது போட்டிக்கு வருவோம். மிசாவாவின் ஆயுதம் முழங்கை. முன்கையை வீசித் தாடையில் இறக்குவார், சில சமயம் சுழன்று வந்து இறக்குவார். கவாடாவுக்குக் கால்தான் ஆயுதம். நெஞ்சில், முதுகில், எதிராளி குனிந்திருக்கும்போது முகத்தில் கேவலப்படுத்துவதுபோல வரிசையாகச் சின்னச் சின்ன உதைகள். அந்தச் சின்ன உதைகளைக் கவனியுங்கள். அவற்றால் யாரும் மயங்கி விழப்போவதில்லை. மூத்தவரின் முகத்தில் இளையவர் பாதத்தை வைக்கிறார், அவ்வளவுதான் விஷயம். எனக்கு இந்தப் போட்டியிலேயே பெரிய அடிகளைவிட அவைதான் பிடிக்கும்.

கவாடா விழும் விதம் தனி. மற்றவர்கள் அடி வாங்கியதும் விழுவார்கள். இவர் அடி வாங்கிவிட்டு ஓர் அடி முன்னே வைப்பார், திருப்பி அடிக்கக் கையை ஓங்குவார், அதற்குள் முழங்கால் தளர்ந்து, இடுப்பு மடிந்து, சாய்ந்துகொண்டே போவார். மனம் சண்டையில் இருக்கும், உடம்பு விடைபெற்றுப் போய்விட்டிருக்கும். இந்தத் தாமதத்தை அவர் அளவுக்குச் செய்தவர் வேறு யாரும் இல்லை என்பது என் கட்சி. மிசாவா அதற்கு நேர் எதிர். முகத்தில் ஒன்றும் தெரியாது. பத்து உதை வாங்கினாலும் வரி கட்டும் வரிசையில் நிற்பவர் முகம்தான்.

கடைசிக் கட்டம். டைகர் டிரைவர் என்ற பிடியை மிசாவா வழக்கமாகப் போடும்போது, எதிராளியின் இரண்டு கைகளையும் பின்னால் கோத்துத் தூக்கி, காற்றில் புரட்டி முதுகு படும்படி இறக்குவார். 1991-ல் தாவேமேல் வேறொரு வடிவத்தைக் காட்டினார். அதில் புரட்டல் கிடையாது. கைகள் கோத்தபடியே கழுத்தும் பிடரியும் முதலில் தரையில் மோதும். ஆண்டை வைத்தே அதற்கு ‘டைகர் டிரைவர் 91’ என்று பெயர். அபூர்வமாகவே எடுப்பார். அன்று கவாடாவை வேறு எதனாலும் அடக்க முடியாமல் அதை எடுத்தார். 35 நிமிடம் 50 வினாடி.

மும்முடிப் பட்டம் மிசாவாவிடமே தங்கியது. எத்தனை நாளுக்கு? ஜூலை 28 அன்று ஸ்டீவ் வில்லியம்ஸ் அதைப் பறித்துக்கொண்டார். அக்டோபரில் வில்லியம்ஸிடமிருந்து கவாடா பறித்தார். ஆக, கவாடா பட்டம் வென்றுவிட்டார். ஆனால் யாரிடமிருந்து வாங்க நினைத்தாரோ அவரிடமிருந்து இல்லை. பாபா இரக்கமே இல்லாத ஆள் என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது. பாராட்டாகத்தான் சொல்கிறேன்.

இருவருக்கும் நிஜமாகவே ஆகாதா என்று கேட்டீர்கள். நெருங்கிய நண்பர்களாக அவர்கள் இருக்கவில்லை என்பது வெளிப்படை. பகை என்று சொல்வதும் மிகை. பகைவனுக்கு யாரும் கழுத்தைக் கொடுத்துத் தூக்கவிட மாட்டார்கள்.

மின்னல்விழி:

பழையநாடா ஐயாவின் கடைசி வரியோடு எனக்கு உடன்பாடுதான். ஆனால் அந்த வரியை எழுதிவிட்டு அவர் கடந்துபோனது எனக்குப் பிடிக்கவில்லை. நான் ஜூடோ பழகியவள். எனக்கு இந்தப் போட்டி வேறு மாதிரித் தெரிகிறது.

ஜூடோவில் எறியக் கற்பதற்கு முன்பு விழக் கற்றுக்கொடுப்பார்கள். மோவாயை நெஞ்சோடு ஒட்ட வேண்டும், தலை தரையைத் தொடக் கூடாது, கையை வீசித் தரையில் அறைந்து அதிர்ச்சியைப் பரப்ப வேண்டும், மூச்சை வெளியே விட வேண்டும். மல்யுத்தத்திலும் அடிப்படை இதுவே. ரிங்கின் தரை மெத்தை என்று நினைத்துவிடாதீர்கள். இரும்புச் சட்டம், அதன்மேல் பலகை, அதன்மேல் ஒரு மெல்லிய விரிப்பு. நன்றாக விழத் தெரிந்தவர் பத்தாண்டு விழலாம்.

ஐயா விவரித்த டைகர் டிரைவர் 91-ஐ இந்தக் கண்ணோடு பாருங்கள். இரண்டு கைகளும் பின்னால் பூட்டப்பட்டிருக்கின்றன. அறைய கை இல்லை. மோவாயை ஒட்டலாம், ஆனால் உடம்பின் எடை முழுவதும் கழுத்தின்மேல் வருகிறது. விழுபவர் செய்யக்கூடியது ஏறக்குறைய எதுவுமில்லை. தூக்கியவர் எந்தக் கோணத்தில் இறக்குகிறாரோ அதுதான் விதி. இதில் திறமை என்று புகழ என்ன இருக்கிறது?

உதையும் முழங்கையும் வேறு. கவாடாவின் கணைக்கால் தட்டையாக நெஞ்சில் படும்போது சத்தம் பெரிது, தோல் சிவக்கும், மறுநாள் வலிக்கும், ஆனால் நெஞ்சு அதைத் தாங்கும். வலியையும் சேதத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும். முதலாவதை ஒருவர் தெரிந்தே ஏற்றுக்கொள்ளலாம். இரண்டாவது சேர்ந்துகொண்டே போகும். மிசாவா 2009 ஜூன் 13 அன்று ஹிரோஷிமாவில் ஒரு ஜோடிப் போட்டியில், அகிதோஷி சைட்டோ போட்ட ஒரு பின்வீச்சுக்குப் பிறகு (பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்துத் தூக்கி, தன் பின்பக்கமாக வீசுவது) எழுந்திருக்கவில்லை. 46 வயது. இன்னும் ஐந்து நாளில் பிறந்தநாள். அந்தப் பின்வீச்சு அவர் வாழ்நாளில் எத்தனையோ முறை வாங்கிய சாதாரண வீச்சுதான். விழுவதில் அவரைவிடக் கெட்டிக்காரர் இல்லை என்று எல்லோரும் சொன்ன மனிதர் அவர். இந்த 1994-ஐப் பார்க்கும்போது எனக்கு அதுவும் கூடவே தெரிகிறது, என்ன செய்ய?

பழையநாடா:

அம்மா, நீங்கள் சொல்வதை மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. சைட்டோமேல் பழி போடாமல் எழுதினீர்களே, அதற்கு நன்றி. அவரைத் திட்டித் தீர்த்தவர்களும் இருந்தார்கள்.

ஆனால் ஒன்று. 1994-ல் அந்த ஆபத்தான பிடி போட்டியின் முற்றுப்புள்ளியாக வந்தது. முப்பத்தைந்து நிமிடம் கட்டியெழுப்பிய பிறகு ஒரே ஒரு முறை. சீரழிவு தொடங்கியது, அதற்குப் பிறகு வந்தவர்கள் அதே மாதிரியான வீச்சுகளைப் போட்டிக்கு நான்கு, ஐந்து என்று போட்டு, எதிராளி மூன்று எண்ணி முடிவதற்கு ஒரு நொடி முன்னால் தோளைத் தூக்கி எழுந்து நிற்க ஆரம்பித்தபோதுதான். அப்போது மக்களுக்கும் மரத்துப்போயிற்று, கழுத்துகளும் தேய்ந்தன. இரண்டும் நஷ்டம்.

இதே இருவரின் 1999 ஜனவரி 22 ஒசாகா போட்டியை அதனால்தான் நான் யாருக்கும் முதலில் சிபாரிசு செய்வதில்லை. அதில் கவாடா சுழன்று பின்கையால் மிசாவாவின் தலையில் அறைந்தபோது கவாடாவின் முன்கை எலும்பே முறிந்துவிட்டது. அதோடு நிறுத்தினாரா? முறிந்த கையோடு மிசாவாவைத் தூக்கினார். பாதி உயரத்தில் பிடி நழுவ, மிசாவா செங்குத்தாகத் தலைகுப்புற இறங்கினார். பார்த்திருக்கிறீர்களா? நான் ஒரு முறை பார்த்தேன், அந்த இடத்தை மறுபடி ஓட்டிப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகும் போட்டி தொடர்ந்து கவாடா வென்றார். கை முறிந்ததால் பட்டத்தைத் துறக்க நேர்ந்தது. ஒன்பது நாள் கழித்துப் பாபா காலமானார்.

அதற்கு மேல் அந்த நிறுவனமே ஒன்றாக இருக்கவில்லை. 2000-ல் மிசாவா பெரும்பாலான வீரர்களை அழைத்துக்கொண்டு வெளியேறி நோவா என்று புதிதாகத் தொடங்கினார். கவாடா போகவில்லை. அவரும் மூத்த வீரர் மசனோபு புச்சியும் காலியான வீட்டில் தங்கிவிட்டார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக மிசாவா போன வழியில் கவாடா போகவில்லை. இதை யாரும் திட்டமிட்டு எழுதியிருக்க முடியாது பாருங்கள்.

கயிறுதாண்டி:

இவ்வளவு வரலாறும் தெரிந்தால்தான் ரசிக்க முடியும் என்று புதியவரைப் பயமுறுத்திவிடாதீர்கள். நிழல்குடை, முன்கதை எதுவும் தெரியாமல் பார்க்க ஒன்று சொல்கிறேன். 2013 ஆகஸ்ட் 4, ஒசாகா, நியூ ஜப்பான் நிறுவனம் ஆண்டுதோறும் நடத்தும் ஜி1 கிளைமாக்ஸ் தனிப்போட்டித் தொடர். தோமோஹிரோ இஷி, கட்சுயோரி ஷிபாட்டா. பன்னிரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான்.

மணி அடித்ததும் தொடங்கிவிடுவார்கள். இஷி குட்டையானவர், கழுத்தே இல்லாத மாதிரி உருவம். ஷிபாட்டா கறுப்புக் கால்சட்டை, கறுப்பு பூட்ஸ், அலங்காரம் எதுவும் இல்லாத பழைய பாணி. ‘நீ அடி, நான் நிற்கிறேன், இப்போது நான் அடிக்கிறேன், நீ நில்’ என்பதுதான் மொத்தக் கதையும். யார் மூத்தவர், யார் யாருக்கு முகமூடி கழற்றினார் என்ற விவரமே வேண்டாம். ஒசாகா ரசிகர்கள் கத்துவதைக் கேட்டாலே புரிந்துவிடும்.

மின்னல்விழி கேட்பதற்கு முன்பு நானே சொல்லிவிடுகிறேன். அந்த ஷிபாட்டாதான் 2017 ஏப்ரல் 9 அன்று ரியோகோகு அரங்கில் கசுச்சிகா ஒகாடாவை வெறும் நெற்றியால் முட்டினார். இரண்டு மண்டை ஓடுகள் மோதும் சத்தம் அரங்கம் முழுக்கக் கேட்டது. போட்டி முடிந்து மூளை உறைக்குக் கீழே இரத்தக்கட்டு என்று அறுவைச் சிகிச்சை. மறுபடி முழுப் போட்டியில் இறங்க 2022 ஜனவரி ஆகிவிட்டது. எனவே எல்லா அடியும் நெஞ்சில் வாங்கும் அடி இல்லை, ஒப்புக்கொள்கிறேன்.

மின்னல்விழி:

கேட்கத்தான் இருந்தேன். தப்பித்தீர்கள்.

நிழல்குடை:

எல்லோருக்கும் நன்றி. இஷி – ஷிபாட்டா பார்த்தேன். சுடச்சுட இருந்தது. ஆனால் மனம் மறுபடி அந்த இருவரிடமே போகிறது. புடோகான் போட்டியை இன்னொரு முறை போட்டு, பழையநாடா ஐயா சொன்ன சின்ன உதைகளுக்காகவே பார்த்தேன். முதல்முறை எனக்கு அவை வெறும் இடைவேளைபோல இருந்தன. இந்த முறை ஒவ்வொன்றும் சுருக்கென்று தைத்தது. மின்னல்விழி சொன்ன பிறகு கடைசிப் பிடியில் கவாடாவின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பூட்டிய கைகள் அவிழ்வதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது.

ஒரே ஒரு சந்தேகம். கவாடா எப்போதுதான் மிசாவாவை வென்றார்? தேடினால் ஒரு இடத்தில் 1995 என்கிறார்கள், இன்னொரு இடத்தில் 1997, வேறொரு இடத்தில் 1998.

பழையநாடா:

மூன்றும் சரி, தம்பி. எதைக் கணக்கில் எடுப்பீர்கள் என்பதில்தான் சண்டை.

1995 ஜூன் 9, புடோகான். மிசாவாவும் ஆல் ஜப்பானின் இன்னொரு நட்சத்திரம் கென்டா கோபாஷியும் சேர்ந்த ஜோடிக்கு எதிராகக் கவாடா – தாவே. 42 நிமிடங்களுக்கு மேல். கடைசியில் கவாடா மிசாவாவின் தோளைத் தரையில் அழுத்தி மூன்று எண்ணிக்கை வாங்கினார். அதுதான் முதல். ஆனால் அது ஜோடிப் போட்டி.

1997 ஏப்ரல் சாம்பியன் கார்னிவல். மூவர் சமமாக நின்றதால் ஒரே இரவில் மூவரும் மாறிமாறி மோத வேண்டும். மிசாவாவும் கோபாஷியும் 30 நிமிடம் மோதி முடிவில்லாமல் போயிற்று. உடனே அடுத்து மிசாவாவுக்குக் கவாடா. ஆறு நிமிடத்தில் முடித்துவிட்டார். தனிப்போட்டி வெற்றிதான். ஆனால் எதிரில் நின்றவர் அரை மணிநேரம் அடி வாங்கிவிட்டு வந்தவர்.

1998 மே 1, டோக்கியோ டோம். ஆல் ஜப்பான் அங்கே நடத்திய முதல் நிகழ்ச்சி. முழுப் போட்டி, மும்முடிப் பட்டம், குறை சொல்ல இடமில்லாத வெற்றி. மிசாவா அப்போது உடம்பெல்லாம் காயத்தோடு ஓடிக்கொண்டிருந்தவர், அது வேறு. ஆறே வாரத்தில் கோபாஷி அந்தப் பட்டத்தைக் கவாடாவிடமிருந்து வாங்கிவிட்டார், அதுவும் வேறு!

என் கணக்கில் 1998-தான். நீங்கள் 1995-ஐ முதலில் பாருங்கள், போட்டியாக அதுதான் மேல்.

கயிறுதாண்டி:

1997-ஐத் தள்ளுவது அநியாயம். களைத்த எதிராளியை வீழ்த்தக் கூடாது என்று எந்த விதியில் இருக்கிறது? கவாடா தோற்றபோதெல்லாம் ‘முழங்கால் வலி’ என்று யாராவது சலுகை கொடுத்தார்களா? அதே இரவில் கோபாஷியையும் வீழ்த்தித் தொடரையே வென்றார் என்பதைப் பழையநாடா வசதியாக விட்டுவிட்டார்.

பழையநாடா:

விடவில்லை. கோபாஷியும் அதே அரை மணிநேரம் அடி வாங்கியவர்தான் என்பதால் எழுதவில்லை. 2005 ஜூலையில் நோவாவின் டோக்கியோ டோம் நிகழ்ச்சிக்குக் கவாடா வந்து மிசாவாவை எதிர்கொண்டபோது மிசாவா களைத்து வரவில்லை, முழு ஓய்வோடு வந்தார். யார் வென்றார்கள் என்று கயிறுதாண்டியே சொல்லட்டும்.

கயிறுதாண்டி:

மிசாவா. ஆனால் 43 வயதில் அவர் வாங்கிய உதைகளையும் சேர்த்துச் சொல்லுங்கள்.